லா ஹோயாவா, கேட்டலினாவா, சாண்டா குரூஸா: அக்கா குடும்பத்தோடு கயாக் போக எந்தக் கரை?

அக்கா மகள் இந்தச் செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் எம்.எஸ். சேர்கிறாள். அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் அக்காவும் மச்சானும் ஆகஸ்ட் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். மூன்று வாரம் எங்களோடு இர்வைனில்தான். டிஸ்னிலேண்டெல்லாம் வேண்டாம், கடலில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்ட வேண்டும், ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாயை மாட்டிக்கொண்டு மீன் பார்க்க வேண்டும் என்பது அக்கா மகள் போட்ட ஒரே நிபந்தனை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் நன்றாக நீந்துவாள். மச்சான் கிணற்றில் கற்றுக்கொண்டவர், மிதப்பார். அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆனால் போனில் அவள்தான் முதலில் கேட்டாள்: "நீச்சல் தெரியாதுன்னு சொன்னா என்னைக் கரையிலயே உட்கார வெச்சுருவாங்களாடா?"

அந்தக் கேள்விக்காகவே இதை உட்கார்ந்து யோசித்தேன். இதே குழப்பத்தில் இங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் எழுதியும் வைக்கிறேன்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு, பாறைக் கரையை ஒட்டி வழிகாட்டியோடு கயாக்கும் ஸ்நார்க்கலும் ஒன்றாகக் கிடைக்கிற இடங்களில் முக்கியமானவை மூன்று. சான் டியேகோவின் லா ஹோயா, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். கேட்டலினா தீவு, டேனா பாயிண்ட் துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம். சாண்டா குரூஸ் தீவு, வடக்கே வென்ச்சுரா வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாத படகு. மூன்றுக்கும் போயிருக்கிறேன். விளம்பரப் படங்களில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்: மஞ்சள் கயாக், குகை வாசல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். படத்தைப் பார்த்து இடம் பிடித்தால் ஏமாந்துபோவோம். நான் அப்படித்தான் முதல் தடவை பிடித்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஜூலை மாதச் சனிக்கிழமை, லா ஹோயா. ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு கயாக். யாருக்கு நீச்சல் தெரியும் என்று அந்த நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். குகைப் பக்கம் போய்வந்ததெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பிக் கரையேறும்போது பின்னால் வந்த அலை எங்கள் இரட்டைக் கயாக்கைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் என் மனைவி படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். மூன்று நான்கு விநாடி இருக்கும். லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தள்ள, படகு அவளைக் கீழே அமுக்க, நான் இரண்டு கையாலும் படகைப் புரட்டினேன். தாடையில் ஒரு கீறலோடு போயிற்று. வழிகாட்டி முப்பது மீட்டர் தள்ளி இன்னொரு படகை இழுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஆளால் பன்னிரண்டு படகைப் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து எந்த இடத்தைப் பற்றி விசாரித்தாலும் குகையையும் மீனையும் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் இரண்டு விஷயம். படகு இறங்கி ஏறுகிற கரையில் அலை உடைகிறதா? நம் கூட்டத்தில் யாரெல்லாம் தண்ணீரிலிருந்து கயாக்கில் திரும்ப ஏற முடியும்? முதலாவதற்குக் கரை பதில் சொல்லும், இரண்டாவதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

லா ஹோயாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கயாக் இறங்குவது லா ஹோயா ஷோர்ஸ் என்ற மணல் கடற்கரையில். அது பசிபிக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து இங்கே வந்து உடையும். வெயில் காய்கிற, காற்றே இல்லாத நாளிலும் கரையில் தலையுயர அலை இருக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் உள்ளே கடல் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் துடுப்புப் போட்டால் செங்குத்துப் பாறையும் அதில் குடைந்த ஏழு குகைகளும் வந்துவிடும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான குமேயாய் மக்கள் வைத்த பெயருக்கே துளைகள் உள்ள இடம் என்றுதான் பொருள். அந்தப் பெயரிலிருந்துதான் இப்போதைய கடல் காப்பகத்துக்கு மட்லஹுவாய்ல் என்று பெயர். 2012 தொடக்கத்திலிருந்து அதற்குள் ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. அதன் பலன் தண்ணீருக்குள் முகத்தை வைத்ததுமே தெரியும்.

குகைக்குள் நுழைவது கடல் அடங்கிய நாளில்தான். வழிகாட்டி வாசலில் நின்று இரண்டு மூன்று அலையைப் பார்ப்பார், பிறகு ஒவ்வொரு படகாக விடுவார், அல்லது தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். 'குகைக்குள் பயணம்' என்று எழுதிக் காசு வாங்குவதை நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம். தண்ணீருக்கே பயப்படுகிறவர்களுக்கு ஒரு குகை மட்டும் தரைவழியாகத் திறந்திருக்கிறது. சன்னி ஜிம் என்று பெயர். 1902-03 வாக்கில் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள், ஒரு கடைக்குள்ளிருந்து 145 படி இறங்கினால் குகைக்குள் நிற்கலாம். அக்கா மனம் மாறினால் இது இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

இனி மீன். கேரிபால்டி என்று ஒரு மீன் உண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் ஒரே ஆரஞ்சு, கனகாம்பரப் பூவின் நிறம். 1995-இல் கலிஃபோர்னியா இதை மாநிலக் கடல்மீனாக அறிவித்தது, பிடிப்பது குற்றம். ஆண் மீன்தான் கூடு காக்கும். பாறையில் ஒரு தட்டளவு இடத்தைச் சுத்தம் செய்து, அதில் செம்பாசியை மட்டும் விட்டுவைத்து, பெண் மீன் வந்து முட்டையிடக் காத்திருக்கும். ஒரு முறை நான் அந்தக் கூட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தேன். முள்ளுருண்டை மாதிரி ஒரு சின்னக் கடல்முள்ளெலி கூட்டின் ஓரத்தில் ஊர்ந்துவந்தது. மீன் அதை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டுபோய் ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டு வந்தது. பிறகு நேரே என் முகமூடிக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் விலகுகிறவரை அது நகரவே இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு காட்சியும் கிடைக்கும். கடற்கரையின் தெற்கு முனையில், முழங்காலிலிருந்து மார்பளவுத் தண்ணீருக்குள் சிறுத்தைச் சுறாக்கள் கூட்டமாக வரும். நான்கைந்து அடி நீளம், முதுகில் சேணம் போட்டமாதிரிக் கறுப்புத் திட்டுகள். பெரும்பாலும் சினைப்பட்ட பெண் சுறாக்கள். வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் வயிற்றுக் குட்டி சீக்கிரம் வளரும் என்பதற்காக வருகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். மனிதர்களை ஒன்றும் செய்வதில்லை, காலடியோசை கேட்டாலே விலகிவிடும். அக்காவை நினைக்கும்போது எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நீச்சலே வேண்டாம். நின்றபடி குனிந்து முகமூடியைத் தண்ணீரில் வைத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதே மணலில் திருக்கையும் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், அது அசைவை உணர்ந்து போய்விடும். முள் குத்திவிட்டால் உயிர்க்காவலர்களிடம் ஓடுங்கள். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பார்கள், வலி அதில்தான் இறங்கும்.

கேட்டலினாவைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, அதுவே அதன் சிறப்பு. ஏவலான் ஊர் பெருநிலத்தைப் பார்த்த பக்கம் இருக்கிறது, தீவே திறந்த கடலின் அலையைத் தடுத்துவிடுகிறது. கரையில் அலை உடைவது மிகக் குறைவு. கயாக்கில் ஏறும்போது கணுக்கால் நனைந்தால் அதிகம். கோடைத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும், தெளிவு லா ஹோயாவைவிட இரண்டு மூன்று மடங்கு. கேசினோ பாயிண்ட் என்ற கடலடிப் பூங்காவில் படிக்கட்டே தண்ணீருக்குள் இறங்குகிறது. படகுகள் வராதபடி மிதவை கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 1929-இல் கட்டிய வட்டக் கட்டடம் நிற்கிறது, பெயர் கேசினோ என்றாலும் சூதாட்டம் எதுவும் இல்லை. கெல்ப் என்கிற ராட்சதப் பாசி அடியிலிருந்து மேல்வரை தூண் தூணாக நிற்கும், நடுவில் வெயில் சரிந்து இறங்கும். ஆனால் படியை விட்டதும் கால் எட்டாது. நீச்சல் தெரியாதவர்கள் அங்கே இறங்கக் கூடாது, அவர்களுக்கு டெஸ்கான்சோ கடற்கரைதான் சரி. குகை என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் கேட்டலினா ஏமாற்றமாக இருக்கும். படகுக் கட்டணம் தனி, ஆறு பேருக்குக் கூட்டினால் பாரம்தான். ஓட்டல், கழிப்பறை, நிழல், காபி எல்லாம் பத்து நிமிட நடையில் இருப்பதால், வயதானவர்களோடு போகிறவர்கள் அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சாண்டா குரூஸ் வேறு உலகம். சேனல் தீவுகள் தேசியப் பூங்கா 1980-இல் வந்தது, ஐந்து தீவுகள். அவற்றில் இதுதான் பெரியது, கலிஃபோர்னியாவின் தீவுகளிலேயே பெரியதும் இதுதான். ஸ்கார்ப்பியன் ஆங்கரேஜ் என்ற இடத்தில் இறங்கினால் கடை இல்லை, செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சாப்பாடு நாம்தான் கொண்டுபோக வேண்டும். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். பையைக் கரையில் விட்டால் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த அண்டங்காக்கை உண்டு. பூனையளவே இருக்கிற தீவு நரியும் உண்டு. இந்த நரி இங்கே 2000 வாக்கில் நூறுக்கும் கீழே போய், கூண்டில் வளர்த்து மீட்கப்பட்டு, 2016-இல் அழிவுப் பட்டியலிலிருந்து நீங்கியது. அது நம் காலடியில் வந்து நின்றால் எதையும் போட்டுவிடாதீர்கள், அதற்குச் செய்கிற நல்லது அதுதான்.

குகை என்றால் இங்கேதான். ஒன்றுக்குள் ஒன்று திறக்கிற குகைகள், உள்ளே போய் வேறு வாசலில் வெளியே வருகிற வளைவுகள், தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு குனிந்து போகிற இடுக்குகள். ஒன்றில் நுழைந்ததும் வழிகாட்டி எல்லோரையும் துடுப்பை மடியில் வைக்கச் சொன்னார். வெளிச்சம் பின்னால் வாசலில் மட்டும். அலை உள்ளே போய்ச் சுவரில் எங்கோ ஒரு பொந்தில் காற்றை அடைக்க, அடிவயிற்றில் தட்டுவது மாதிரி ஒரு 'தும்' சத்தம். பிறகு மேலிருந்து சாரல் முகத்தில் விழுந்தது. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் வாயைத் திறக்கவே இல்லை, என் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் "இன்னொரு தடவை" என்றாள். இதே தீவில் பெயிண்டட் கேவ் என்ற புகழ்பெற்ற பெருங்குகை இருக்கிறது, உள்ளே ஏறக்குறைய கால் மைல் போகும். ஆனால் அது வடமேற்கில், ஸ்கார்ப்பியனிலிருந்து ஒருநாள் கயாக் அங்கே போகாது. அதைப் படத்தில் பார்த்துவிட்டு ஸ்கார்ப்பியனுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு, கவனம்.

ஆச்சரியமான விஷயம், இவ்வளவு காட்டுத்தனமான இடத்தில் கயாக் இறக்குவது லா ஹோயாவைவிடச் சுலபம். ஸ்கார்ப்பியன் கரை கூழாங்கல் கரை, தீவின் மறைவுப் பக்கம், பெரும்பாலான நாள் அலை சின்னதுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் இன்னும் குளிர். மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழுந்தால் திரும்பும் வழியில் எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டி வரலாம். போகும் கால்வாயில் படகு ஆடும், குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அதே கால்வாயில்தான் டால்ஃபின் கூட்டம் படகின் மூக்கோடு போட்டிபோட்டு ஓடிவந்தது. ஒன்றைச் சகித்தால்தான் மற்றது.

இந்தக் கால்வாயைத் துடுப்பாலேயே கடந்தவர்கள் இந்தக் கரையின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள். தொமோல் என்பது அவர்கள் படகு. கரையில் ஒதுங்கிய ரெட்வுட் மரத்தைப் பலகையாக்கி, நார்க்கயிற்றால் தைத்து, தாரும் பிசினும் காய்ச்சிப் பூசியது. ஆணி கிடையாது. நம் கரைகளிலும் பலகையைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு இருந்தது என்பதால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தத் தீவு கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது. நீண்ட காலம் நின்றுபோயிருந்த அந்தக் கடப்பை 2001-இல் அவர்கள் சந்ததியினர் புதிதாக ஒரு தொமோல் கட்டி மறுபடி நடத்தினார்கள்.

கயாக்கையும் ஸ்நார்க்கலையும் ஒரே பயணமாக எடுப்பதா, தனித்தனியா என்பதில் என் கருத்து உறுதியானது: முதல் தடவை போகிறவர்கள் தனித்தனியாக எடுங்கள். கூட்டுப் பயணத்தில் நடுக்கடலில் கயாக்கை நிறுத்தி, அதிலிருந்து குதித்து, அரை மணியோ நாற்பது நிமிடமோ மீன் பார்த்துவிட்டு, தண்ணீரிலிருந்தே திரும்ப ஏற வேண்டும். ஏறுவதுதான் சோதனை. இரண்டு கையாலும் படகின் நடுவைப் பிடித்து, காலை உதைத்து, வயிற்றால் குறுக்கே விழுந்து, மல்லாந்து திரும்பி, உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே இழுக்க வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்கிறவர்களுக்குக் கூட்டுப் பயணம் அருமை. நம் ஊர் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். அப்படிப்பட்ட பாருக்கு மேலே, கரையிலிருந்து நீந்தி எட்ட முடியாத இடத்துக்குக் கயாக் கொண்டுபோய் விடும். செய்ய முடியாதவர்களை வழிகாட்டி இழுத்து ஏற்றிவிடுவார், ஆனால் அதற்குள் குளிரும் பயமும் சேர்ந்து அந்த நாளையே கெடுத்துவிடும். வெட்சூட் என்கிற, உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை ஈரமாக இருக்கக் காற்றில் திரும்பத் துடுப்புப் போடுவதும் சுகமில்லை. ராமேஸ்வரம் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள், இது பசிபிக். ஆகஸ்டிலும் வெட்சூட் வேண்டும். வெட்சூட் ஆளை மிதக்கவும் வைக்கும், அது பயந்தவர்களுக்குப் பெரிய தைரியம்.

சின்ன விஷயங்கள் இரண்டு. மீசை வைத்தவர்களுக்கு முகமூடி ஓரத்தில் தண்ணீர் கசியும், மச்சானுக்கு நிச்சயம் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடைபடும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த முகமூடி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் ஆரஞ்சு மங்கலாகத் தெரியும், மீன் தெரியாது.

மாதத்தைப் பொறுத்தவரை, மே, ஜூனில் காலையெல்லாம் மேகம் மூடி வெயிலே தெரியாது. பிள்ளைகள் விடுமுறை என்று அப்போது போகிறவர்களுக்கு நடுக்கம்தான் மிஞ்சும். செப்டம்பர்தான் தண்ணீர் சூடாகவும் கரை காலியாகவும் இருக்கும் மாதம், அதிலும் வார நாள், காலை முதல் குழு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாம்பல் திமிங்கலம் கரையோரமாகப் போகும், அது வேறொரு ஆசை, வேறொரு பயணம்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். செப்டம்பர் முதல் வாரம் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் கலைந்ததும், புதன்கிழமை, எல்லோருமாகக் கேட்டலினா. அக்காவும் நானும் ஒரே இரட்டைக் கயாக்கில், அவள் முன்னால், நான் பின்னால். ஒரு வழிகாட்டிக்கு ஆறு படகுக்கு மேல் இல்லை என்று சொன்னவர்களிடம்தான் பதிவு செய்தேன். அடுத்த வாரம் லா ஹோயா, கயாக் இல்லாமல், சிறுத்தைச் சுறா பார்க்க. மச்சான் விரும்பினால் லா ஹோயா கோவ் என்ற சின்னக் குடாவில் படியிறங்கிக் கேரிபால்டியும் பார்ப்பார். அங்கே கடற்சிங்கங்கள் படுத்திருக்கும், ஐம்பது கஜமாவது தள்ளியே நிற்கும்படி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சாண்டா குரூஸ் அக்கா மகளுக்கும் என் மகளுக்கும் எனக்கும் மட்டும், அக்காவும் மச்சானும் ஊர் திரும்பிய பிறகு, அக்டோபரில், கூட்டுப் பயணமாகவே.

லா ஹோயாவில் கயாக் வேண்டாமா என்று மச்சான் கேட்டார். அந்தக் கரையில் அக்காவைப் படகில் ஏற்ற எனக்கு மனமில்லை என்றேன், அவரும் விட்டுவிட்டார்.

நேற்று அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பீளமேட்டில் வீட்டுப் பக்கத்து நீச்சல் குளத்தில் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அமேசானில் வாங்கிய முகமூடியோடு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறாள். ஸ்நார்க்கல் குழாய் வழியாக மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்கிறது. பதினேழு விநாடி.